விலை சொல்லத் தெரிந்தால் வீட்டிலிருந்தே விற்கலாம்

ஆன்லைன் விற்பனையில் இறங்க நினைக்கும் தென்காசி விவசாயிக்கு வேண்டிய குணங்கள்

ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலம் கடைவீதியில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என மலைப் பழங்கள் குவிந்துவிடும். சென்னை, மதுரை, கேரளா என்று பல ஊர்க்காரர்கள் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நின்று பழம் வாங்கிப் போவார்கள். ஆகஸ்ட் கடந்தால் கூட்டம் கலைந்துவிடும். அருவியில் தண்ணீர் விழாத ஆண்டில் அந்த வியாபாரமும் படுத்துவிடும். வாங்கிப் போனவர் யார், எந்த ஊர், பழம் பிடித்திருந்ததா என்று கடைக்காரருக்குத் தெரியாது. பழத்தை விளைவித்தவருக்கோ, அது யார் வீட்டுக்குப் போனது என்பதே தெரியாது.

அதே தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இன்னொரு வியாபாரம் நடக்கிறது. ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் அங்கே இருக்கிறது. அங்கே உருவாகும் மென்பொருளை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் தென்காசியைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் பணம் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டும் கட்டுகிறார்கள். சாரல் விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்த வியாபாரம் நிற்பதில்லை.

எலுமிச்சைத் தோட்டத்துக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முகம் பார்க்காத ஒருவர், நம்மை நம்பி முன்கூட்டியே பணம் அனுப்ப வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான விஷயம். செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது. வாட்ஸ்அப், யூபிஐ எல்லாம் கைவந்துவிட்டன. ஆனாலும் ஆரம்பித்த நான்கு மாதத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம், பெரும்பாலும் தொழில்நுட்பம் தெரியாதது அல்ல. மண்டிக்குப் போட்டுப் பழகிய மனசு மாறாததுதான்.

மண்டி கற்றுத் தராத பாடம்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கோ புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கோ சரக்கைக் கொண்டுபோகும் விவசாயி, "இன்னைக்கு என்ன விலை?" என்றுதான் கேட்கிறார். விலையைச் சொல்லும் வேலை வேறு ஒருவருடையது. தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்ததால், நம் பொருளுக்கு நாமே விலை சொல்லும் பழக்கம் நமக்குக் குறைவு. யாராவது நேரில் கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கூச்சத்தை உடைக்க வந்த முயற்சிதான் 1999இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், சில்லறைக் கடை விலையைவிடக் குறைவாகவும் விவசாயியே நேரடியாக விற்க அது வழி செய்தது. அங்கே தராசு பிடித்து நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு வாடிக்கையாளரோடு பேசும் பயம் போயிருக்கும். ஆன்லைன் விற்பனையில் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். விலைப்பலகையை நீங்களே எழுத வேண்டும். "ஏன் இந்த விலை?" என்று கேட்டால், முகம் சுளிக்காமல் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும்.

கணக்கு எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் மட்டும் பார்ப்போம். மண்டியில் எலுமிச்சை கிலோ 40 ரூபாய் போகும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோவுக்கு 200 ரூபாய். தரகு, வண்டி வாடகைக்கு 30 ரூபாய் கழித்தால் கைக்கு 170 ரூபாய். அதே 5 கிலோவைச் சென்னையில் ஒரு வீட்டுக்குப் பார்சல் செலவு உட்பட 500 ரூபாய்க்கு அனுப்புகிறீர்கள். அட்டைப்பெட்டி, காகிதம், டேப் 40, பார்சல் 120, தரம் பிரித்துக் கட்டும் கூலி 40, வழியில் கெட்டுப்போகும் பெட்டிக்கு ஈடாக ஒதுக்கி வைப்பது 25. மொத்தம் 225 போக, நிற்பது 275 ரூபாய்.

மண்டியைவிட 105 ரூபாய் கூடுதல். ஆனால் பலர் போடும் கணக்கு வேறு. 500இல் 200 கழித்து, "பெட்டிக்கு 300 லாபம்" என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்துப் பெட்டி கட்டும் உழைப்புக்கு அதில் ஒரு ரூபாய்கூட எழுதியிருக்க மாட்டார்கள். மூன்றாவது மாதம் கைச்சரக்கு போனது தெரியும், காசு எங்கே போனது என்று தெரியாது. வீட்டு ஆளின் கூலியையும் கூலியாக எழுதும் நேர்மைதான் இந்த வியாபாரத்துக்கு முதல் தகுதி.

பெட்டியின் அளவும் காசுதான். பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து, அதில் வரும் எண் நிஜ எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குக் காசு வாங்குகிறார்கள். 5 கிலோ எலுமிச்சையை 45 x 35 x 30 செ.மீ. பெட்டியில் போட்டால், அது 9.45 கிலோ கணக்கில் வந்துவிடும். கையில் கிடைத்த பழைய பெட்டியில் போட்டு அனுப்புகிறவரின் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

விலை ஏறும்போதுதான் சோதனை

எலுமிச்சை விவசாயிக்கு விலை இறங்குவது புதிதல்ல. மழைக்காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விடுவதும் உண்டு. கோடையில் நேர்மாறு. 2022 ஏப்ரலில் நாட்டின் பல நகரங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. இப்போது யோசித்துப் பாருங்கள். பெட்டி 500 ரூபாய் என்று வாடிக்கையாளர் இருபது பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மண்டியில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். சரக்கை எங்கே போடுவீர்கள்?

மண்டிக்குப் போட்டுவிட்டு, "சரக்கு இல்லை" என்று சொல்வது எளிது. ஆனால் மழைக்காலத்தில் அதே இருபது பேரைத் தேடும்போது அவர்கள் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். வாக்கைக் காப்பாற்றினால் இன்று கொஞ்சம் நஷ்டம். விலை படுத்த நாளில் நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கும். இந்த இடத்தில்தான் ஒருவர் வியாபாரியாகிறாரா, சமயம் பார்த்து விற்கிறவராகவே நின்றுவிடுகிறாரா என்பது தெரியும்.

அதற்காக நஷ்டத்தைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. "விலை மாதம் ஒரு முறை மாறும், மாதம் முதல் தேதி தெரிவிப்போம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பணம் வாங்கிய ஆர்டருக்கு மட்டும் பழைய விலை. முன்கூட்டியே சொன்ன விதியை யாரும் தப்பாக நினைப்பதில்லை. சொல்லாமல் மாற்றுவதைத்தான் மன்னிப்பதில்லை.

மத்தளம்பாறை சொல்வது

ஜோஹோவின் கதையைத் தென்காசிப் பக்கம் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். அதில் விவசாயிக்குப் பயன்படும் பகுதி கொஞ்சம் பழையது. தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் படித்த ஸ்ரீதர் வேம்பு, சகோதரர்கள், நண்பர்களோடு சேர்ந்து 1996இல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். அப்போது அவர்களிடம் வாங்கியவர்கள் பெரும்பாலும் தொலைத்தொடர்பு, நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்கள். 2000ஐ ஒட்டி அமெரிக்க இணையத் தொழில் சரிந்தபோது, அந்த நிறுவனங்களில் பல காணாமல் போயின. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருந்ததன் ஆபத்து அப்போது புரிந்தது.

அதன் பிறகுதான் வேறு வேறு வகையான, சிறிய வாடிக்கையாளர்களுக்கும் ஏற்ற பொருட்களைச் செய்யத் தொடங்கினார்கள். 2005இல் 'ஜோஹோ' என்ற பெயரில் இணையவழி மென்பொருள் வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல், வந்த லாபத்தையே திரும்பப் போட்டு வளர்த்தார்கள். தொடங்கி 15 ஆண்டுகள் கழித்துத்தான் மத்தளம்பாறை அலுவலகம் வந்தது. 2019இல் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கமே குடிவந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நமக்கான பாடம் மூன்று. ஒரே மண்டியை, ஒரே வியாபாரியை நம்பியிருப்பது நிறுவனத்துக்கும் ஆபத்து, தோட்டத்துக்கும் ஆபத்து. கடன் வாங்கிப் பெரிதாகத் தொடங்காமல், வந்த காசில் அடுத்த படி ஏறலாம். மூன்றாவது, விலாசம் எங்கே இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குப் பெரிய விஷயமில்லை. சொன்னபடி பொருள் வருகிறதா என்பதே விஷயம்.

மங்குஸ்தான் வைத்தவருக்குப் பொறுமை சொல்லித் தர வேண்டுமா?

மங்குஸ்தான் கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். பத்தாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. குற்றால மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்க்கப்பட்டவை. வெளியூர்ச் செடியை மண்ணுக்குப் பழக்கும் பொறுமை இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆனால் அதே ஆள், வாட்ஸ்அப்பில் படம் போட்டு இரண்டு வாரத்தில் ஆர்டர் வரவில்லை என்றால், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார். முதல் பத்து வாடிக்கையாளர் கிடைப்பதுதான் கடினம். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர், கூடப் படித்தவர், சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி இருபதாகும். முதல் ஒரு சீசனை விதை விதைத்த காலம் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நேரடி விற்பனைக்கு ஒதுக்க வேண்டாம். மீதி வழக்கம்போல் மண்டிக்கே போகட்டும்.

"இல்லை" என்று சொல்லும் தைரியம்

நல்ல பழம் நாற்பது கிலோதான் தேறும் என்றால் எட்டுப் பெட்டிக்குத்தான் ஆர்டர் வாங்க வேண்டும். வந்த ஆர்டரை விடக்கூடாது என்று பத்தாவது பெட்டியில் பொடியையும் வெம்பலையும் கலந்து அனுப்பினால், அந்த ஒரு பெட்டியின் படம் ஒரு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றிவிடும். மண்டியில் மூட்டைக்கு அடியில் நாலு பழம் மோசமாக இருந்தால் விலையில் கழித்துவிட்டு மறந்துவிடுவார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் குடும்பம் மறக்காது.

மங்குஸ்தானில் இது இன்னும் நுணுக்கம். வெளித்தோல் நன்றாக இருந்தாலும் சில பழங்களில் உள்ளே மஞ்சள் பால் இறங்கிச் சுளை கசந்திருக்கும். வெட்டாமல் கண்டுபிடிப்பது சிரமம். ஆகவே, "கிலோவில் ஒன்றிரண்டு பழம் இப்படி இருக்கலாம், அதற்காகக் கூடுதலாகச் சில பழம் வைத்திருக்கிறோம்" என்று ஒரு துண்டுச் சீட்டை உள்ளே வைப்பது நல்லது. குறையை முதலில் நாமே சொன்னால் அது புகாராக வருவதில்லை.

அதேபோல் பெயரிலும் நேர்மை வேண்டும். புளியங்குடி எலுமிச்சைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊர்ப் பழத்தை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படியும் தவறு. உண்மையான புளியங்குடிப் பழமாகவே இருந்தாலும், புவிசார் முத்திரையைப் பெட்டியில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். 'ஆர்கானிக்' என்று எழுதும் முன் பி.ஜி.எஸ். அல்லது என்.பி.ஓ.பி. சான்று பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். சான்று இல்லாதவர், என்ன உரம் போட்டோம், என்ன மருந்து அடித்தோம் என்பதை அப்படியே சொல்லலாம். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

குறை கேட்கும் காது

இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும். "உங்க பழத்துல பாதி அழுகல்" என்று எடுத்த எடுப்பிலேயே சத்தம் போடுவார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்தவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தை அடக்க முடியாதவர், போன் எடுக்கும் வேலையை வீட்டில் பொறுமையான ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மகளோ மருமகளோ அந்த வேலையைச் செய்தால், அதற்கும் கணக்கில் சம்பளம் எழுதுங்கள்.

புகார் வந்தால் படம் கேளுங்கள். தப்பு நம் பக்கம் என்றால், வாதாடாமல் அன்றே பணத்தைத் திருப்புங்கள் அல்லது அடுத்த பெட்டி அனுப்புங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஈரத்தோடு கட்டினோமா, பெட்டியில் காற்றுத் துளை இல்லையா, பழுத்தது கலந்ததா, வெள்ளிக்கிழமை அனுப்பியதால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடந்ததா? ஒவ்வொரு புகாரையும் நோட்டில் எழுதி வந்தால், ஒரு சீசனில் பாதிப் புகாருக்கு ஒரே காரணம் இருப்பது தெரியும். அந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும்.

ஏமாறாத நிதானம்

நம்பிக்கை வேண்டும் என்பதற்காக எல்லோரையும் நம்ப வேண்டியதில்லை. "ஐம்பது பெட்டி வேணும், பணம் அனுப்புறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. பணம் கொடுக்கத்தான் அது வேண்டும். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். பணம் வந்ததாகக் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சட்டத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். சொந்தத் தோட்டத்தில் விளைந்ததைப் பண்ணை அளவில் அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஊறுகாய், சர்பத், வற்றல் என்று மாற்றி விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். பாக்கெட்டில் அடைத்து விற்றால் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்த மாதம், உங்கள் முகவரி, தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். பதப்படுத்தாத பழம், காய்கறிக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. மதிப்புக்கூட்டிய பொருளை இணையச் சந்தைகளில் விற்கும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்கு ஒத்துவராது?

எல்லோரும் இதில் இறங்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. கீரை, மல்லிகை போல ஒரு நாளைக்கு மேல் தாங்காத பொருள் வைத்திருப்பவருக்குத் தொலைதூரப் பார்சல் சரிவராது. பக்கத்து ஊர் வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்திக்கொள்ளலாம். எலுமிச்சை, தேங்காய், மிளகு, தேன், அரிசி, வற்றல் போன்றவை வழியைத் தாங்கும். வட்டிக் கடனை உடனே அடைக்க வழி தேடுகிறவர் இதை நம்பி இறங்க வேண்டாம். முதல் ஆண்டில் அவ்வளவு காசு வராது. தனி ஆளாகச் சமாளிக்க முடியாதவர்கள், ஒருவர் சரக்கு, ஒருவர் பெட்டி, ஒருவர் போன் என்று நாலைந்து பேர் சேர்ந்து செய்யலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கும் ஊரில் அதன் மூலமே தொடங்குவது சிக்கனம்.

தொடங்குவது எப்படி?

* ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு எடை அளவு. 'எல்லாம் கிடைக்கும்' என்று தொடங்க வேண்டாம்.

* விற்பனைக்குத் தனி சிம், தனி வங்கிக் கணக்கு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம்தான். பொருளின் படம், எடை, விலையை அதில் போட்டு வையுங்கள். மொத்தமாக அனுப்பும் தகவல், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

* விற்கும் முன் உங்கள் விலாசத்திலிருந்து சென்னையில் ஒரு சொந்தக்காரருக்கு மூன்று பெட்டி அனுப்பிப் பாருங்கள். கூரியரில் ஒன்று, ஆம்னி பஸ் பார்சலில் ஒன்று, ரயில் பார்சலில் ஒன்று. எது எத்தனை மணி நேரத்தில், எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

* பறித்த பழத்தைக் கழுவி ஈரத்தோடு கட்ட வேண்டாம். நிழலில் ஆறவைத்து, காயம் பட்டதை ஒதுக்கி, துளையிட்ட பெட்டியில் அடுக்குங்கள்.

* வாரத்தில் பார்சல் அனுப்பும் நாள் இரண்டு மட்டும். திங்கள், செவ்வாய் வசதி.

* மாதக் கடைசியில் பெட்டிக்கு என்ன நின்றது என்று பாருங்கள். மண்டி விலையைவிடக் குறைவாக இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை ஆர்டரைக் கூட்ட வேண்டாம்.

குற்றாலத்தில் கடை போடுகிறவர்களுக்கும், அவர்களுக்குப் பழம் கொடுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இன்னொரு வசதி உண்டு. வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவர்களே சாரலுக்கு வருகிறார்கள். பழத்தோடு தோட்டத்தின் பெயரும் போன் எண்ணும் அச்சிட்ட சீட்டைக் கொடுங்கள். "ஊருக்கு அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள், சம்மதித்தால் மட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நூறு பேரில் பத்துப் பேர் செப்டம்பரில் எலுமிச்சைக்கோ மிளகுக்கோ கூப்பிட்டால் போதும். அவர்கள் கூப்பிடும்போது, தயங்காமல் விலையைச் சொல்லுங்கள்.